தருமபுரிக்குக் குடிவருகிறீர்களா? குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் முன் இதைப் படியுங்கள்

வேலை மாற்றலாகி வருகிறவர்கள், கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் என்று யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "இங்கே குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமாங்க?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் கிடையாது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக் குழாய்களில் வேறுவேறு தண்ணீர் வரும் ஊர் இது. உங்கள் குழாய்க்குப் பின்னால் இருப்பது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். என் முன்பற்களில் காவி நிறத்தில் கோடு கோடாக இருக்கும். என்னோடு படித்த பல பேருக்கும் அப்படித்தான். எங்கள் ஊர்க் கைபம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், குடிக்க இனிக்கும், அதையும் என் அம்மா காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுப்பார். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பல்லில் கோடு போட்டது புளோரைடு என்பதும், அது காய்ச்சினால் போகாது என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கே இருபது வயதைத் தாண்டிய பிறகுதான், அதுவும் பல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம், குறிப்பாகக் கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம், இதை உட்காரவைத்துச் சொல்கிறேன்.

இங்கே தண்ணீரில் இரண்டு ஆபத்துகள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று கிருமி. இன்று குடித்தால் நாளையோ மறுநாளோ வயிற்றுப்போக்கு, இல்லையென்றால் சில நாள் கழித்துக் காய்ச்சல், சில வாரம் கழித்து மஞ்சள்காமாலை. காய்ச்சினால், குளோரின் போட்டால் அது சாகும். இன்னொன்று புளோரைடு. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. குடித்ததும் ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்து பல்லிலும் எலும்பிலும் போய் உட்காரும். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிப் போய், புளோரைடு மட்டும் அப்படியே மிஞ்சி, அளவு கொஞ்சம் கூடவே செய்யும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

முதல் வேலை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் பாறை நிலம். பூமிக்கடியில் இருக்கும் கருங்கல் வகைப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன, நிலத்தடி நீர் அந்தப் பாறை இடுக்குகளில் பல காலம் தேங்கி நிற்கும்போது அது கரைந்து தண்ணீரில் சேர்கிறது. அதனால் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், என்றாலே இங்கே சந்தேகப்பட வேண்டும். எல்லா போரிலும் புளோரைடு கூடுதல் என்று சொல்லவில்லை. உங்கள் போரில் குறைவாகவும் பக்கத்து வீட்டு போரில் அதிகமாகவும் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்றும் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் 2008ல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து, குளோரின் கலந்து, பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்றி, பென்னாகரம் வழியாக இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புகிறார்கள். ஊர்க்காரர்கள் இதை "ஒகேனக்கல் தண்ணி" என்றுதான் சொல்வோம். தருமபுரி நகரத்துக்கு அதற்கு முன்பிருந்தே பஞ்சப்பள்ளி சின்னாறு அணைத் தண்ணீர் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர், அணைத் தண்ணீர் இரண்டிலும் புளோரைடு பயம் பெரிதாக இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வழியில் சேரும் கிருமியை.

ஆகவே வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: ஒகேனக்கல் தண்ணி இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் விடுகிறார்கள், போர் இருக்கிறதா, போர் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், தண்ணீர் திறந்துவிட வரும் அண்ணனிடம் கேளுங்கள். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. இன்னொன்று, பார்க்க நகரம் மாதிரியே இருக்கும் தெரு ஊராட்சிக்குள் இருக்கலாம். வீட்டு வரி ரசீதில் நகராட்சி என்று இருக்கிறதா ஊராட்சி என்று இருக்கிறதா பாருங்கள், நாளைக்குத் தண்ணீர் வராவிட்டாலோ கலங்கி வந்தாலோ யாரிடம் போய் நிற்பது என்பது அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது: குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன். கல்யாணமாகி நகரத்துக்கு வந்து நாங்கள் குடியேறிய முதல் வீட்டில், "எல்லாம் ஒகேனக்கல் தண்ணிதாங்க, பயப்படாம குடிங்க" என்றார் வீட்டுக்காரர். ஆறு மாதம் நம்பிக் குடித்தோம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிய ஆரம்பித்தது, பருப்பு வேக நேரமெடுத்தது, சோப்பு நுரைக்கவில்லை. ஒருநாள் சம்பு மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு குழாய். ஒன்று ஒகேனக்கல், இன்னொன்று போர். நல்ல தண்ணீர் வரத் தாமதமாகும் நாட்களில் போரைப் போட்டு அதே சம்பை நிரப்பியிருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, இரண்டும் தண்ணீர்தானே என்று நினைத்திருக்கிறார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

அதனால் நீங்கள் சம்பு மூடியைத் திறந்தே பாருங்கள். எத்தனை குழாய் உள்ளே வருகிறது, மாடித் தொட்டி ஒன்றா இரண்டா, சமையலறைக் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து இறங்குகிறது. தெரியாவிட்டால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சம்பில் விழுந்தால், குடிக்கச் சமைக்க மட்டுமாவது நல்ல தண்ணீரைத் தெருக்குழாய் இணைப்பிலிருந்து நேரடியாகக் குடத்திலோ தனி டிரம்மிலோ பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு குடம் போதும்.

பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் உப்பு படிகிறது என்றால் போர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். ஆனால் பருப்பு நன்றாக வேகிறது, ருசி நன்றாக இருக்கிறது என்பதற்காக புளோரைடு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். புளோரைடு அதிகமாக உள்ள நிலத்தடி நீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கும். சுண்ணாம்பு குறைவு என்றால் சோப்பு நுரைக்கும், தண்ணீர் இனிக்கும். எங்கள் ஊர்க் கைபம்பு அப்படித்தான் எங்களை ஏமாற்றியது.

மூன்றாவது: சோதனைக்குக் கொடுங்கள்

டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "இருநூற்றைம்பதுதான் காட்டுது, நல்ல தண்ணி" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தப் பேனா மாதிரி மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். புளோரைடு லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் இருந்தாலே கெடுதல், நூற்றுக்கணக்கில் காட்டும் மீட்டரில் அந்த இரண்டு மூன்று எங்கே தெரியும்? கிருமியை அது காட்டவே காட்டாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் போய் விவரம் கேட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் எடுங்கள், ஏனென்றால் உப்பு, புளோரைடு பார்ப்பதற்கு ஒரு மாதிரியாகவும் கிருமி பார்ப்பதற்கு வேறு மாதிரியாகவும் எடுக்க வேண்டும். புளோரைடுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும், அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு நிறையப் பிடித்து மூடிவிடலாம். கிருமி சோதனைக்கு அவர்களே கிருமிநீக்கம் செய்த பாட்டில் தருவார்கள், அதை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, பிடித்த சில மணி நேரத்துக்குள் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரையும் சமையலறைக் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கலப்பு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அறிக்கை கையில் வந்ததும் முதலில் புளோரைடு வரியைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் 1 என்பதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், 1.5ஐத் தாண்டினால் யாருமே குடிக்க வேண்டாம். அடுத்து நைட்ரேட், 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, குறிப்பாகப் பச்சைக் குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரில். பிறகு ஈ.கோலை என்கிற மலக்கிருமி, 100 மில்லி லிட்டர் தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மொத்த உப்பு 500க்குள் இருந்தால் நல்லது, அதற்குக் கொஞ்சம் மேலே போவதால் உடனே பதற வேண்டியதில்லை. போர் தண்ணீர் என்றால் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை கொடுப்பது நல்லது, நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அளவும் மாறும்.

நான்காவது: உங்கள் தண்ணீருக்கு எது தேவை

ஒகேனக்கல் தண்ணீரோ அணைத் தண்ணீரோ கலப்பில்லாமல் வருகிறது என்றால், ஆர்.ஓ. மெஷின் தேவையே இல்லை என்பது என் கருத்து. வடிகட்டிக் காய்ச்சினால் போதும். நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கி, காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள். வேறு குடத்தில் ஊற்றி, அதில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் காய்ச்சியது வீண். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கிவிடுங்கள். காய்ச்ச முடியாதவர்கள், விடுதியில் இருக்கும் பிள்ளைகள், குளோரின் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். மாத்திரையின் அளவு வேறுபடும் என்பதால் அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

போர் தண்ணீர் மட்டும்தான், அதில் புளோரைடும் கூடுதல் என்றால் காய்ச்சுவது, துணியில் வடிகட்டுவது, கேண்டில் பில்டர், யு.வி. பில்டர் எதுவும் புளோரைடைத் தொடாது. வீட்டில் செய்யக்கூடியதில் ஆர்.ஓ.தான் நம்பகமானது. வாங்கும்போது ஒரு விஷயம் கேளுங்கள், விற்கிறவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பல மெஷின்களில் ருசிக்காக "டி.டி.எஸ். அட்ஜஸ்டர்" என்று ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து வைத்தால் ஆர்.ஓ. சவ்வு வழியே போகாத தண்ணீர் கொஞ்சம் சுத்தமான தண்ணீரோடு கலக்கும், அதோடு புளோரைடும் கலந்துவிடும். பொருத்த வருகிறவரிடம் அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். மேலே நான் குறை சொன்ன மீட்டர் இங்கேதான் உதவும்: உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். 800 உள்ளே போய் 60 வந்துகொண்டிருந்தது 200 ஆகிறது என்றால் சவ்வு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கழிவாக வெளியேறும் தண்ணீரில் புளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும், வீடு துடைக்க, கக்கூசுக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், ஆடு மாட்டுக்கு வைக்காதீர்கள்.

குடிக்கிற தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு போர் தண்ணீரிலேயே சமைக்கிற வீடுகள் நிறைய உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோறு, சாம்பார், ரசம், கேழ்வரகுக் களி எல்லாமே தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் வேகின்றன. களி கிண்டும்போது எவ்வளவு தண்ணீர் சுண்டுகிறது என்று பாருங்கள், அதில் இருந்த புளோரைடு அத்தனையும் உருண்டைக்குள்தான் இருக்கும். களியை விட்டுவிடச் சொல்லவில்லை, கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. நல்ல தண்ணீரில் கிண்டுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை.

சம்பும் மாடித் தொட்டியும்

குழாயில் வரும்வரை நன்றாக இருந்த தண்ணீர் நம் வீட்டுச் சம்பில்தான் பல நேரம் கெடுகிறது. குடிவரும் முன் ஒருமுறை, பிறகு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அடியில் படிந்த சேற்றை வாரிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் சுவரையும் தரையையும் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு அலசி வெளியேற்ற வேண்டும். சம்புக்குள் ஆள் இறங்கும்போது மோட்டார் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், மூடியை நெடுநேரம் திறந்து வைத்து காற்று போகவிட்ட பிறகே இறங்க வேண்டும், மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுக் காற்று வரும்.

தண்ணீர் நிரப்பியபின் குளோரின் போடுவதானால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 5,000 லிட்டர் சம்பு என்றால் 20 கிராம், கடையிலேயே எடை போட்டுப் பொட்டலமாக வாங்குங்கள், கண் அளவில் அள்ளிப் போடாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், மணமே வராவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே லேசாகக் குளோரின் வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அடையாளம். கடைசி வீட்டுக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் சோதித்துக் காட்டச் சொன்னால், சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சளாவதைக் காட்டுவார்.

மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குழந்தை உள்ள வீட்டில் பூட்டும் போடுங்கள்.

தண்ணீர் விடும் நாளில்

நாள்விட்டு நாள் வரும் தண்ணீர் என்பதால் இடைப்பட்ட நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். எங்காவது விரிசல் இருந்து, அது சாக்கடையை ஒட்டிப் போனால், அழுக்கு உள்ளே இறங்கிவிடும். அதனால் தண்ணீர் வந்ததும் முதல் ஐந்து பத்து நிமிடம் பிடித்ததைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகு சம்புக்குத் திருப்புங்கள். தெருக்குழாய் இணைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம், மோட்டார் இழுக்கிற இழுப்பில் விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் சேர்ந்து வரும், முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒருநாள் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகக் கலங்கியோ நாற்றத்தோடோ வந்தால் சம்பில் விடாமல் அடைத்துவிட்டு, அக்கம்பக்கத்திலும் அப்படியா என்று கேட்டு, நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ உடனே சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் முதல்வர் உதவி மைய எண் 1100ல் புகார் பதிவு செய்து, எண்ணை எழுதி வையுங்கள். தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் புகாரோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ஒகேனக்கல் குழாய் எங்காவது உடைந்து சில நாள் தண்ணீர் வராமல் போவதும் உண்டு. அந்த நாட்களில்தான் எல்லோரும் யோசிக்காமல் போருக்குத் தாவுகிறோம். சில நாள் போர் தண்ணீர் குடித்ததால் பல் கெட்டுவிடாது, பயம் வேண்டாம், சில நாள் என்பது பல மாதமாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீர்

அவசரத்துக்குச் சரி. மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதி இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாமல் வண்டியில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டு போர் தண்ணீராகவே இருக்கலாம். வெயிலில் வைத்த கேனை வாங்காதீர்கள்.

குழந்தைகளுக்கு

நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலம் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை. அந்த வயதில் குடிக்கும் புளோரைடுதான் பல்லில் வெள்ளைத் திட்டாக, பிறகு காவிக் கோடாக வருகிறது, வந்தபின் தேய்த்தாலும் போகாது. இரண்டு வயதுக் குழந்தையோடு வருகிற குடும்பம் ஐந்து வருடம் இங்கே இருந்துவிட்டுப் போனால், பாதிப்பு தெரியும்போது அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். ஆகவே குழந்தையின் தண்ணீரில் மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம். பல் தேய்க்கும் பேஸ்ட்டை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள், பட்டாணி அளவு போதும். பெரியவர்களில் யாராவது பல வருடம் போர் தண்ணீர் குடித்து, இடுப்பும் கழுத்தும் இறுகிப்போய் வலிக்கிறது என்றால் வயசாகிவிட்டது என்று விடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, என்ன தண்ணீர் குடித்தார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லாம் சரிசெய்த பிறகு பள்ளியையும் அங்கன்வாடியையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளை பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறது, சத்துணவு அங்கேதான் வேகிறது. என் மகளைப் பள்ளியில் சேர்த்த முதல் வாரம் நான் போய், "டீச்சர், இந்தக் குழாயில வர்றது ஒகேனக்கல் தண்ணியா, போரா? சமைக்கிறதும் இதுலதானா?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, ஆனால் மறுநாளே விசாரித்துச் சொன்னார். குடிக்க ஒகேனக்கல், சமையலுக்கு போர் என்று இருந்தது. பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட பிறகு சமையலறைக்கும் நல்ல தண்ணீர் இணைப்பை நீட்டினார்கள், ஒரு பிளம்பருக்கு ஒருநாள் வேலை. நீங்களும் கேளுங்கள், பதில் கிடைக்கும்வரை பிள்ளைக்கு வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் கொடுத்து அனுப்புங்கள்.